உடம்பு முழுக்க சோப்பு போடுகிறீர்களா, இல்லை அங்கங்கே மட்டுமா?

வாளித்தண்ணீர்:

கேட்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் முகம் தெரியாதவர்களிடம் கேட்காமல் இதை வேறு யாரிடம் போய்க் கேட்பது?

நான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை குளிக்கிறவன். இரண்டு வேளையும் கழுத்திலிருந்து கால்விரல் வரை சோப்பு, அதுவும் நைலான் நாரில் நுரை பொங்கப் பொங்க வைத்துத் தேய்ப்பேன். கழுவி முடித்துத் தோலில் விரலை ஓட்டினால் 'கிறீச்' என்று சத்தம் வரவேண்டும், அப்போதுதான் குளித்த மாதிரி இருக்கும். இப்படித்தான் குளிக்க வேண்டும் என்று யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்த ஞாபகம் இல்லை, குளியல் என்றாலே இதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஆறு மாதமாக ஒரு நண்பனோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறேன். போன மாதம் இருவரும் ஒரே நாளில் ஆளுக்கொரு சோப்பு பிரித்தோம், ஒரே வகை, பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். மூன்று வாரத்தில் என்னுடையது வெற்றிலை கனத்துக்கு வந்துவிட்டது. அவனுடையதில் மேலே பதித்த எழுத்துகூட இன்னும் முழுசாக அழியவில்லை. முதலில் இவன் உள்ளே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறானோ என்றுதான் நினைத்தேன். கேட்டேவிட்டேன். அக்குள், தொடையிடுக்கு, பின்பக்கம், பாதம், இந்த நாலு இடத்துக்குத்தான் சோப்பாம், மற்ற இடத்துக்குத் தண்ணீர் போதுமாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். நான் செய்வதைக் கேட்டுவிட்டு அவன்தான் என்னை விநோதமாகப் பார்த்தான்!

நாற்றம் வருகிறதா என்றால், இல்லை. ஆறு மாதத்தில் ஒருநாள்கூட இல்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அவன் கால் பளிச்சென்று இருக்கிறது, என் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிகிறது, நகத்தால் கீறினால் பலகையில் சாக்பீஸால் எழுதின மாதிரி கோடு விழுகிறது, ராத்திரியில் அரிப்பு தாங்கவில்லை. அழுக்குதான் அரிக்கிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எல்லாம் எப்படி? உண்மையைச் சொல்லுங்கள், மருத்துவக் கட்டுரையிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.


நுரைப்பிரியன்:

படிக்கும்போதே உடம்பு கூசுகிறது. நாலே இடமா? தட்டைக் கழுவும்போது ஓரத்தை மட்டும் தேய்த்துவிட்டு நடுவில் தண்ணீர் ஓடினால் போதும் என்று விடுவீர்களா?

நாள் முழுக்க வெளியே சுற்றுகிறோம், யார் யாரோ உட்கார்ந்த இருக்கையில் உட்காருகிறோம், கை, கால், கழுத்து எல்லாவற்றிலும் தூசியும் வேர்வையும் கலந்து அப்பியிருக்கிறது. வெயிலில் போய்விட்டு வந்து கழுத்தைக் கையால் தேய்த்துப் பாருங்கள், கறுப்பாகத் திரியும். அது தண்ணீருக்கே போய்விடும் என்றால் உலகத்தில் சோப்பு எதற்கு?

இன்னொன்று, உங்கள் நண்பருக்கு நாற்றம் வரவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் நம்பமாட்டேன். ஒரே அறையில் ஆறு மாதம் இருந்தால் மூக்கு பழகிவிடும். வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து கேளுங்கள்.


கிரீஸ்கை:

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அய்யா. நான் வண்டி பழுதுபார்க்கிறவன். முழங்கை வரைக்கும் கறுப்பு. எனக்கு 'நாலு இடம்' கணக்கெல்லாம் கிடையாது, எங்கே கறை இருக்கிறதோ அங்கே சோப்பு, அவ்வளவுதான். முதுகில் கிரீஸ் படவில்லை என்றால் முதுகுக்குத் தண்ணீர்தான்.

ஆனால் ஒரு விஷயம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தொழிலுக்கு வந்த புதிதில் கையை பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவுவோம். சட்டென்று போய்விடும், பார்க்க நன்றாக இருக்கும். இரண்டு வருடத்தில் விரல் மடிப்பெல்லாம் வெடித்து, ஸ்பேனர் பிடித்தால் ரத்தம் வந்தது. அவை கிரீஸை மட்டும் எடுப்பதில்லை, தோலில் இருக்கிற எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சி எடுத்துவிடும். இப்போது என்ன செய்கிறேன் என்றால், காய்ந்த கையில் ஏதாவது எண்ணெய் கொஞ்சம் விட்டு நன்றாகப் பிசைவேன், கிரீஸ் இளகிவரும், பழைய துணியால் துடைத்துவிட்டு அதற்கப்புறம்தான் சோப்பு. எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும். மரத்தூள் போட்டுத் தேய்க்கிறவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது, தோல் கிழிகிறது.


வறண்டதோல்:

வாளித்தண்ணீர், உங்கள் காலைப் பற்றிப் படித்ததும் என் பழைய காலைப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்து கரப்பான், அதனால் இந்த சோப்பு விவகாரத்தில் நான் பட்டது கொஞ்சமில்லை. கட்டுரை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், சரி, எனக்குத் தோல் மருத்துவர் சொன்னதைச் சொல்கிறேன்.

அவர் முதலில் கேட்டது, "முழங்காலுக்குக் கீழே இவ்வளவு தேய்க்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்பதுதான். தோலுக்கு எண்ணெய் விடுகிற சுரப்பிகள் உடம்பு முழுக்க ஒரே மாதிரி கிடையாதாம். தலை, முகம், நெஞ்சு, மேல்முதுகு, இங்கெல்லாம் நெருக்கமாக இருக்கும். கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பை ஒட்டிய இடத்தில் ரொம்பக் குறைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அறவே இல்லை. ஆக, நீங்களும் நானும் எண்ணெயே இல்லாத இடத்தில் போய் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தோம். மேல்தோல் என்பது செங்கல் சுவர் மாதிரி, செத்த செல்கள்தான் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கிற கொழுப்புதான் பூச்சு. சோப்பு அந்தப் பூச்சையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகிறது, விரிசல் வழியாக உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகிறது, அரிக்கிறது, சொறிகிறோம், இன்னும் விரிசல். அரிப்பை அழுக்கு என்று நினைத்து மறுபடி சோப்பு போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அவர் கொடுத்த முறை: வெதுவெதுப்பான தண்ணீர், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். உள்ளே ஐந்திலிருந்து பத்து நிமிடம், அதற்கு மேல் நிற்கக் கூடாது. சோப்பு வேண்டிய இடத்துக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகப் போவதற்குள், ஒரு மூன்று நிமிடத்துக்குள், வாசனையில்லாத களிம்பு. எனக்கு மருந்தைவிட இந்த மூன்று நிமிடம்தான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

அந்த நைலான் நாரை முதலில் தூக்கிப் போடுங்கள். வருடக்கணக்கில் அதில் தேய்த்தால் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில், காறையெலும்பு, முதுகுத்தண்டு, தோள்பட்டை, அங்கெல்லாம் பழுப்பாகக் கறை விழும். உரசி உரசியே வருகிற கறுப்பு அது. ஆட்கள் அதையும் அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்ப்பார்கள். நான் தேய்த்தேன்.


வெறுந்தண்ணீர்:

நாலு இடம்கூட அதிகம். நான் உடம்புக்கு சோப்பை விட்டு நாலு வருடம் ஆகிறது. கைக்கு மட்டும் போடுவேன், கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும் சாப்பிடுவதற்கு முன்பும், அதில் விளையாட்டு இல்லை. மற்றபடி தண்ணீர்தான், உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துக் குளிப்பேன்.

ஜேம்ஸ் ஹாம்ப்ளின் என்று அமெரிக்காவில் ஒரு மருத்துவர், ஐந்து வருடம் ஷவர் குளியலையே விட்டுப் பார்த்தார். அவரும் கைக்கு மட்டும் சோப்பை விடவில்லை. தோலில் வாழ்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் சுரப்பிகளும் ஒன்றுக்கொன்று பழகி ஒரு நிதானத்துக்கு வந்துவிடுகின்றன என்பது அவர் அனுபவம், என் அனுபவமும் அதுதான். முதல் இரண்டு மாதம் பிசுபிசுப்பாக இருந்தது உண்மை, மறைக்கவில்லை. அப்புறம் இல்லை.

நுரைப்பிரியனுக்கு ஒரு கேள்வி. தட்டுக்கு உயிர் இருக்கிறதா? தட்டு தன் மேல்பரப்பை ஒரு மாதத்தில் தானே உதிர்த்துவிட்டுப் புதுசாக வளர்த்துக்கொள்கிறதா? தோல் செய்கிறது.


நுரைப்பிரியன்:

மனிதன் சொல்வது தன் மூக்கை வைத்து. உங்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள், அப்புறம் பேசலாம். உங்கள் வாசனை உங்கள் மூக்குக்குக் கடைசி வரை தெரியாது.


வெறுந்தண்ணீர்:

மனைவியிடம் கேட்டேன். "சில நாள் தெரியும், அதிகம் அலைந்த நாளில்" என்றாள். நாலு வருடத்தில் ஒருமுறைகூட சொல்லவில்லை, இன்றைக்குத்தான் சொல்கிறாள். நன்றி நுரைப்பிரியன்.


இரவுப்பணி:

தம்பிகளா, சண்டையை நிறுத்துங்கள். நான் செவிலியர். எழுந்து குளிக்க முடியாதவர்களுக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவது பல வருடமாக என் வேலை, என் உடம்பைவிட மற்றவர்கள் உடம்பைத்தான் அதிகம் கழுவியிருக்கிறேன்.

வேர்வைக்கு என்று பெரிய நாற்றமெல்லாம் கிடையாது. உடம்பு முழுக்க இருபது முப்பது லட்சம் வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, அவற்றில் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர், சூட்டைத் தணிக்க. தண்ணீர் ஊற்றினாலே போய்விடும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்க்காம்பைச் சுற்றியும் வேறொரு வகைச் சுரப்பி இருக்கிறது, அது வயதுக்கு வரும்போதுதான் வேலையை ஆரம்பிக்கும், அதனால்தான் குழந்தைகளுக்கு நாள் முழுக்க ஓடி விளையாடினாலும் அக்குள் நாற்றம் வருவதில்லை. அதிலிருந்து வருவது கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்தது, அங்கே வாழ்கிற பாக்டீரியா அதைத் தின்றுவிட்டு விடுவதுதான் நாற்றம். பாதத்தில் அந்தச் சுரப்பி இல்லை, ஆனால் ஷூவுக்குள் காற்றில்லாமல் ஊறுவதால் பாக்டீரியா தோலையே கடித்து அந்தப் புளித்த வாடையைக் கொண்டுவருகிறது. ஆகவே வாளித்தண்ணீர், உங்கள் நண்பர் சொல்கிற நாலு இடமும் சரியான நாலு இடம். யோசித்துச் செய்கிறாரோ இல்லையோ, சரியாகத்தான் செய்கிறார்.

வெறுந்தண்ணீருக்கு: ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது, அது இருப்பவர்களுக்கு அக்குள் நாற்றம் கிட்டத்தட்ட வராது. கிழக்கு ஆசியாவில் பெரும்பாலானவர்களுக்கு உண்டு, மற்ற இடங்களில் குறைவு. வேடிக்கை என்னவென்றால் காதுக் குறும்பி எப்படி இருக்கும் என்பதையும் அதே மரபணுதான் முடிவு செய்கிறது. உங்கள் குறும்பி பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால் அந்த அதிர்ஷ்டம் உங்களுக்கு இல்லை, பொடிப்பொடியாக உலர்ந்திருந்தால் இருக்கலாம். உங்கள் மனைவி சொன்னதைப் பார்த்தால் ஈரம் என்றுதான் தோன்றுகிறது.

நாங்கள் துடைத்துவிடும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் கண், அது வெறும் தண்ணீரில், உள் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக. அப்புறம் முகம், கை, நெஞ்சு, வயிறு, கால், முதுகு. அந்தரங்க உறுப்பும் பின்பக்கமும் கடைசி, அதற்குத் தண்ணீரும் துணியும் வேறு. வீட்டில் குளிக்கும்போதும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் பின்பக்கம் தேய்த்த நாரால் அடுத்து முகத்தைத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் சுத்தம் சுத்தம் என்பார்கள்.

சோப்பைவிட நான் அதிகம் பார்ப்பது ஈரத்தை. வயதானவர்களுக்கு, கொஞ்சம் பருமனானவர்களுக்கு, மார்புக்குக் கீழே, வயிற்று மடிப்பில், தொடையிடுக்கில், கால்விரல் இடுக்கில் ஈரம் நின்றால் படர்தாமரையும் பூஞ்சையும் வரும். எத்தனை வாசனை சோப்பு போட்டாலும் அந்த மடிப்பை உலரவிடவில்லை என்றால் வீண். அதேபோல் எழுபது வயதுக்கு மேல் தோல் காகிதம் மாதிரி ஆகிவிடும், எண்ணெயும் சுரக்காது. அவர்களுக்குத் தினமும் உடம்பு முழுக்க சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டுப் பிள்ளைகள் 'நன்றாகக் கவனித்துக்கொள்கிறோம்' என்பார்கள், அந்த அம்மா ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடப்பார்.

பெண்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஒன்று, கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பிறப்புறுப்பின் உட்பகுதிக்கு சோப்பும் வேண்டாம், அதற்கென்று விற்கிற திரவங்களும் வேண்டாம். அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கே இருக்கிற அமிலத்தன்மைதான் காவல், சோப்பு உள்ளே போனால் அந்தக் காவல் போய்விடும், அப்புறம்தான் உண்மையான நாற்றமும் அரிப்பும் வரும். வெளியே தண்ணீர் போதும், வேண்டுமானால் வாசனையில்லாத மிதமான சோப்பு கொஞ்சம்.


மாடிப்படி:

அக்கா, கடைசிப் பத்திக்கு நன்றி. நான் இரண்டு வருடம் அரிப்பு வர வரக் கழுவி, கழுவக் கழுவ அரிப்பு வந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். சோப்பை நிறுத்திய பத்தாவது நாள் சரியாகிவிட்டது. இதை முன்னாடியே யாராவது இவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம்.


பழைய_சோப்புக்காரர்:

சோப்பு தயாரிக்கும் இடத்தில் ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். என் பிழைப்புக்கே உலைவைக்கிற திரி என்றாலும் நாலு வார்த்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாளித்தண்ணீர் சொல்கிற 'கிறீச்' இருக்கிறதே, அது சுத்தத்தின் சத்தம் இல்லை. எண்ணெய் முழுக்கப் போய்விட்ட தோலின் சத்தம், அதோடு பெரும்பாலும் உப்புத்தண்ணீரின் வேலையும் உண்டு. கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு வெள்ளைக் கசடாக மாறும். வாளி ஓரத்தில் வளையம் வளையமாகப் படிகிறதே, அதேதான் உங்கள் காலிலும் மெலிசாகப் படிகிறது. விரல் வழுக்காமல் பிடிப்பது அதனால்தான். மென்மையான தண்ணீரில் குளித்துப் பாருங்கள், எவ்வளவு ஊற்றினாலும் வழவழவென்றே இருக்கும், 'சோப்பே போகவில்லை' என்று திட்டுவீர்கள். உண்மையில் அங்கேதான் நன்றாகப் போயிருக்கும்.

சோப்பு என்பது எண்ணெயோ கொழுப்போ காரத்தோடு சேர்ந்து வருவது. எப்படிச் செய்தாலும் அது காரம்தான், பிஎச் 9, 10 என்று இருக்கும். தோல் 5-ஐ ஒட்டி இருக்கிறது, அதாவது லேசான அமிலம். பிஎச் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு, அதனால் 5-க்கும் 9-க்கும் உள்ள தூரம் பத்தாயிரம் மடங்கு. நல்ல தோல் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குள் இரண்டாவது வேளை குளிக்கப் போனால் அது என்ன செய்யும், பாவம்.

'மென்மையானது' என்று உறையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் டாலோவேட் என்று முதலில் இருந்தால் அது அசல் சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்று முதலில் இருந்தால் அது கட்டி வடிவத்தில் இருக்கிற வேறு பொருள், சின்டெட் என்போம், அதன் பிஎச்சைத் தோலுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், உப்புத்தண்ணீரிலும் கசடு விடாது. வறண்டதோலுக்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த வகைதான். இதற்கு ஒரு குறை, தண்ணீரில் ஊறவிட்டால் கூழாகிவிடும், நன்றாக வடிகிற பெட்டி வேண்டும்.

நுரையைப் பற்றி ஒரு ரகசியம். நுரைக்கும் அழுக்கு போவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நுரை வராவிட்டால் நீங்கள் வாங்கமாட்டீர்கள், அதற்காகவே சேர்க்கிற பொருட்கள் தனியாக உண்டு. நுரைப்பிரியன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் 'கிருமி கொல்லும்' சோப்பு. 2016-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருட்களைக் கை, உடம்பு கழுவும் சோப்புகளில் போட்டு விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்று காட்டுங்கள், நீண்ட நாள் போட்டாலும் பாதுகாப்பு என்று காட்டுங்கள் என்று கேட்டார்கள், கம்பெனிகளால் முடியவில்லை. சோப்பின் வேலை கிருமியைத் தேடிக் கொல்வது இல்லை, எண்ணெயோடு சேர்த்து அதைத் தோலிலிருந்து கழற்றி ஓடுகிற தண்ணீரில் விடுவது.

நான் எப்படிக் குளிக்கிறேன் என்று கேட்பீர்கள். உடம்பு முழுக்க, நன்றாக நுரைக்க. முப்பது வருடம் ஓசியில் சோப்பு கிடைத்தவனுக்கு வேறு எப்படி வரும்.


நுரைப்பிரியன்:

கடைசி இரண்டு வரிக்காக உங்களை மன்னிக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், எல்லோரும் தோல், சுரப்பி, மருத்துவம் என்கிறீர்கள். எனக்கு அது இல்லை விஷயம். வேலை முடிந்து வந்து தலையிலிருந்து கால் வரை நுரையில் மூழ்கி நிற்கிற அந்தப் பத்து நிமிடம்தான் யாரும் கூப்பிடாத நேரம். அதை நாலு இடத்தில் தடவிவிட்டு இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு வெளியே வரச் சொன்னால் நான் எங்கே போவேன்?


வாளித்தண்ணீர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோர் பேச்சையும் கேட்டு நண்பன் முறைக்கு மாறிப் பார்த்தேன்.

நாரைத் தூக்கிப் போட்டேன். முதல் நாலு நாள் குளித்துவிட்டு வந்தாலும் ஏதோ பாதியில் எழுந்து வந்த மாதிரி இருந்தது, இரண்டு தடவை திரும்பிப் போய் சோப்பு போட்டுவிட்டு வந்தேன் (நண்பனுக்குத் தெரியாது). ஒரு வாரத்தில் கால் அரிப்பு பாதியானது, இரண்டாம் வாரம் செதில் இல்லை. களிம்பு போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். மேல்முதுகில் கொத்தாகப் பருக்கள் கிளம்பின. வறண்டதோல் சொன்ன கணக்கை மறுபடி படித்தேன், அங்கேதான் எண்ணெய் அதிகம் சுரக்கும் என்று எழுதியிருக்கிறார், என் மண்டைக்கு அது ஏறவில்லை. இப்போது முதுகுக்கும் நெஞ்சுக்கும் சோப்பு உண்டு, இரவு ஒரு வேளை. நண்பனிடமும் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டேன். அவன் தலையணை உறையில் பின்கழுத்தும் காதுக்குப் பின்பக்கமும் படுகிற இடம் மஞ்சளாக இருக்கிறது. காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, மறுநாள் குளித்துவிட்டு வந்தபோது காதுக்குப் பின்னால் நுரை ஒட்டியிருந்தது.

நுரைப்பிரியன் கேட்டபடி வெளியாளையும் கூட்டிவந்தேன். என் அக்கா வந்திருந்தாள், விஷயத்தைச் சொல்லாமல் இந்த அறையில் ஏதாவது வாடை வருகிறதா என்றேன். வருகிறது என்றாள். நண்பனைப் பார்த்தேன். அவள் மூலையில் காய்ந்துகொண்டிருந்த என் துண்டைக் காட்டினாள். இத்தனை நாள் தோலைத் தேய்த்த அக்கறையில் கால்வாசி அதற்குக் காட்டியிருக்கலாம்.

கடைசியாக ஒரு சந்தேகம். இப்போது இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அளவு போடுவதால் இரண்டு சோப்பும் ஒரே உயரத்தில் இருக்கின்றன, ஒரே நிறம், எழுத்தும் அழிந்துவிட்டது. நேற்று நான் எடுத்தது யாருடையது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஒருவர் சோப்பை இன்னொருவர் போட்டால் ஏதாவது ஒட்டிக்கொள்ளுமா?


பழைய_சோப்புக்காரர்:

பெரும்பாலும் ஒட்டாது. 1988-இல் வெளியான ஒரு ஆய்வில், கட்டி சோப்புகளின் மேல் வேண்டுமென்றே பாக்டீரியாவைப் பூசி, 16 பேரைக் கை கழுவச் சொன்னார்கள். கழுவிய பிறகு யார் கையிலும் அந்த பாக்டீரியா கண்டுபிடிக்கும் அளவுக்கு இல்லை. செய்தவர்கள் சோப்புக் கம்பெனி ஆட்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாராவது தோண்டி எடுப்பீர்கள். யாருக்காவது புண்ணோ, சொறியோ, படர்தாமரையோ இருந்தால் மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் சோப்பைத் தண்ணீரில் ஒரு அலசு அலசினால் போதும், ஈரத்தில் ஊறவிடாதீர்கள்.

இதெல்லாம் ஆய்வகத்தில் இருந்தவன் பேச்சு. என் வீட்டில் என் சோப்பை என் தம்பி தொட்டால்கூட நான் புதுசு பிரித்துவிடுவேன்.


நுரைப்பிரியன்:

உங்கள் சோப்பின் ஓரத்தில் நகத்தால் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். காலில்தான் இனிக் கோடு விழாதே.